ஓவர்லோடைக் கழற்றிய பிறகு

ஜனவரி 11

அன்புள்ள தம்பிக்கு,

நீ கேட்ட கேள்விக்கு எனக்குப் பதில் தெரியாது. இதை முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் கடிதம் முழுக்க அதைத் தேடிக்கொண்டிருப்பாய்.

ஒரே அம்மா. அம்மாவின் ரத்தத்தில் இருந்த அதே ஹெபடைடிஸ் பி வைரஸ். எனக்கு எப்போதோ வந்து, எனக்கே தெரியாமல் போய்விட்டது. வந்துபோன தடம் மட்டும் ரத்தத்தில் இருக்கிறது. உனக்குப் பிறக்கும்போதே வந்தது, இன்றுவரை குடியிருக்கிறது. "உன்னை விட்டுப் போனது என்னை விட்டு ஏன் போகலை?" என்று கேட்டிருக்கிறாய். ஆய்வுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இந்த ஒரு வைரஸைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். தெரியவில்லை.

தெரிந்ததை எழுதுகிறேன். இந்த வைரஸ் ஈரலைத் தானாகத் தின்பதில்லை. அதைக் கொல்ல வருகிற நம்முடைய சொந்த அணுக்கள்தான் ஈரலையும் சேர்த்து எரிக்கின்றன. அவற்றைக் கட்டுப்படுத்த உடம்பில் இன்னொரு வகை அணு உண்டு. ஒழுங்குபடுத்தும் டி செல்கள் என்று பெயர். "போதும், நிறுத்து" என்று சொல்வதுதான் அவற்றின் உத்தியோகம். இந்த வைரஸை வெகுகாலம் சுமப்பவர்களிடம் அவை கூடுதலாக இருப்பதைப் பார்க்கிறோம். அதனால் ஈரல் தப்பிக்கிறது. அதே காரணத்தால் வைரஸும் தப்பிக்கிறது. அவை கூடியதால் வைரஸ் தங்கியதா, வைரஸ் தங்கியதால் அவை கூடினவா என்று கேட்காதே. அதுவும் தெரியாது.

உன் மாத்திரை வைரஸைப் பெருகவிடாமல் வைத்திருக்கிறது. வெளியேற்றாது. ஒரு நாளும் விட்டுவிடாதே.

உன் மனைவிக்கு டயாலிசிஸ் தொடங்கிவிட்டதாக எழுதியிருந்தாய். வருத்தமாக இருக்கிறது. சிறுநீரகம் மாற்றுவதைப் பற்றி என்ன சொன்னார்கள் என்று விவரமாக எழுது. மகள் சின்னவளின் படிப்பைக் கவனி. எனக்கு முழங்கால் வலியைத் தவிர குறையொன்றும் இல்லை.

அக்கா


பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

உன் முழங்காலைத் தவிர மற்ற பாகங்கள் எல்லாம் நலமாக இருக்க வேண்டுகிறேன். நாங்கள் இருக்கிறோம். "போன்ல பேசிடலாமே, ஏன் உட்கார்ந்து எழுதறீங்க?" என்று உன் தம்பி பெண்டாட்டி கேட்கிறாள். போனில் உன்னிடம் என்ன பேசுவது? நீ "ம்" என்பாய், நான் "அப்புறம்" என்பேன், நீ "சரி வைக்கட்டுமா" என்பாய். கடிதம் என்றால் தாளை நிரப்பியே ஆகவேண்டுமில்லையா? அதனால்தான்.

விவரம் கேட்டாய். ஆஸ்பத்திரியில் உறுப்பு கொடுப்பவர்களுக்கென்று தனி அறை இருக்கிறது. அங்கே ஒரு அம்மா, கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு என் ரிப்போர்ட்டைப் பார்த்தார். "ஆளு குத்துக்கல்லாட்டம்தான் இருக்கீங்க. ரத்த வகையும் பொருந்துது. ஆனா உங்க உடம்புல இருக்கிற வைரஸ் கிட்னியோட சேர்ந்து அவங்களுக்குப் போயிடும். அவங்களுக்கு எதிர்ப்பு சக்தியைக் குறைக்கிற மருந்து கொடுப்போம், தாங்கமாட்டாங்க. உங்க ஈரல்லயும் வடு இருக்கு, உங்களுக்கும் ஆபரேஷன் ஆகாது." அவ்வளவுதான். "இந்த வைரஸ் போயிட்டா?" என்று கேட்டேன். "போனா வாங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். இதை வெளியேற்ற வழியே கிடையாதா, அக்கா?

அவள் பிறந்த வீட்டில் கொடுக்க யாரும் இல்லை. அவள் அண்ணனுக்குச் சர்க்கரை. நம் வீட்டில் அம்மா, நீ, நான் மூன்று பேருக்கும் ஒரே ரத்த வகை என்று அம்மா பெருமையாகச் சொல்லிக்கொண்டிருப்பாள், ஞாபகம் இருக்கிறதா? சும்மா ஞாபகம் வந்தது, எழுதினேன்.

உன் டி செல் சமாசாரம் எனக்கு நன்றாகப் புரிந்தது. எங்கள் ஃபிரிட்ஜ் ரிப்பேர் தொழிலில் அதற்கு ஓவர்லோடு என்று பெயர். கம்ப்ரசர் பக்கத்தில் பொத்தான் மாதிரி ஒன்று இருக்கும். மோட்டார் சூடேறினால் கரண்டைத் துண்டிக்கும். அது இல்லாவிட்டால் உள்ளே இருக்கிற கம்பிச் சுருள் எரிந்துவிடும். ஆனால் சில நேரம் அதுவே கெட்டுப்போய், சூடேறாமலே துண்டித்துக்கொண்டிருக்கும். பெட்டி குளிரவே குளிராது. போன வாரம் கறிக்கடைக்காரர் பெரிய ஆர்டர் கறியை உள்ளே வைத்துவிட்டு, பெட்டி ஓடவில்லை என்று என் பட்டறைக்கு ஓடிவந்தார். "அந்தச் சனியனைப் பிடுங்கிட்டு டைரக்டா குடுப்பா! ஒரு வாரம் ஓடினா போதும்." மாட்டேன் என்றேன். மனுஷன் அழுகிற மாதிரி நின்றார். கழற்றிவிட்டு ஒயரை நேராகக் கொடுத்தேன். சும்மா கும்மென்று ஓடியது.

சின்னவள் உனக்கு ஒரு முத்தம் அனுப்பச் சொன்னாள். தாளில் எப்படி ஒட்டுவது என்று தெரியவில்லை.

உன் தம்பி


மார்ச் 1

அன்புள்ள தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. சின்னவளுடைய முத்தமும் கிடைத்ததாகச் சொல். இங்கே எல்லாம் வழக்கம்போல.

உவமைகளை நான் நம்புவதில்லை. வகுப்பில் மாணவர்கள் அணுக்களைப் போலீஸ் என்றும் ராணுவம் என்றும் எழுதினால் சிவப்பு மையால் அடித்துவிடுவேன். ஆனால் உன் ஓவர்லோடு மோசமில்லை. கெட்டுப்போய், தேவையில்லாமல் துண்டித்துக்கொண்டிருக்கும் என்று எழுதியிருந்தாயே, அந்த இடம் நன்றாக இருந்தது. சந்தேகப்படுவதும் அதைத்தான்.

"இதை வெளியேற்ற வழியே கிடையாதா?" என்பது உன் கேள்வி. நிச்சயமான வழி இன்றைக்கு இல்லை. நாங்கள் ஓர் ஆய்வு நடத்திவருகிறோம். பல வருடமாக மாத்திரை சாப்பிடுபவர்கள் சிலருக்கு மாத்திரையை நிறுத்துகிறோம். அடங்கியிருந்த வைரஸ் மறுபடி எழும். அதைப் பார்த்து உடம்பின் காவல் அணுக்களும் எழும். சிலருக்கு அந்தச் சண்டையில் வைரஸின் மேலுறை ரத்தத்திலிருந்தே மறைந்துபோகிறது. வைரஸ் விலகியதற்கு அதுதான் அடையாளம். மிகச் சிலருக்கு. மற்றவர்களுக்கு ஈரல் வெந்துபோவதுதான் மிச்சம். உடனே மாத்திரையைத் திரும்பக் கொடுக்கிறோம். நிறுத்துவதற்கு முன்பே யாருக்கு எது நடக்கும் என்று இந்த டி செல்களை எண்ணிச் சொல்ல முடியுமா என்பதுதான் என் வேலை. இதுவரை முடியவில்லை. எண்ணிக்கை குறைவாக இருந்தவர்களில் ஒருவர் பிழைத்துக்கொண்டார், ஒருவருக்கு நிலைமை மோசமானது.

ஈரலில் வடு உள்ளவர்களை இந்த ஆய்வில் சேர்ப்பதே இல்லை. அவர்களுக்கு அந்தத் தீயைத் தாங்கும் சதை மிச்சமில்லை. ஆகவே இது உனக்கானதல்ல. கேட்டாய் என்பதற்காக எழுதினேன்.

உன் மனைவிக்கு உப்பையும் தண்ணீரையும் குறைக்கச் சொல்லியிருப்பார்கள். அவள் கேட்கமாட்டாள். நீ கண்டிப்பாக இரு. பெயர்ப்பட்டியலில் பதிந்துவைத்தால் இறந்தவர்களின் சிறுநீரகம் கிடைக்க வாய்ப்புண்டு. பதிந்தாயா?

அக்கா


மார்ச் 28

அன்புள்ள அக்காவுக்கு,

பதிந்தாகிவிட்டது. "எத்தனாவது ஆளுங்க நாங்க?" என்று கேட்டதற்கு அந்தக் கண்ணாடி அம்மா சிரித்தார். சொல்லவில்லை. சிரிப்பிலேயே தெரிந்துகொண்டேன்.

வாரத்துக்கு மூன்று தடவை கூட்டிப்போகிறேன். அவளை மெஷினில் மாட்டிவிட்டு வெளியே பெஞ்சில் உட்காருவேன். மெஷின் சத்தம் எனக்குப் பழகிய சத்தம்தான், பம்ப் சத்தம். ஒரு நாள் அதில் ஒரு இரைச்சல் கேட்டது. உள்ளே போய், "பேரிங் தேயுது, பாத்துக்குங்க" என்றேன். நர்ஸ் என்னை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினாள். உன் தம்பி பெண்டாட்டி படுத்த இடத்திலிருந்தே, "அவரை விட்டா என்னையும் கழட்டி மாட்டிடுவாரு" என்றாள். வார்டே சிரித்தது. மெஷினை விட்டு எழுந்தால் அவளுக்குப் பேச்சே வராது. தைக்கிற வேலையை அடியோடு விட்டுவிட்டாள். ஊசி ஏற்றிய கையில் பலமில்லை.

கறிக்கடைக்காரர் பெட்டி என்ன ஆயிற்று என்று நீ கேட்கவே இல்லை. எரிந்துபோயிற்று. ஆனால் அதற்குள் அவர் ஆர்டர் கறியைக் கொடுத்து முடித்துவிட்டார். நேற்று வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "பெட்டி போனா போகுது. கறி தப்பிச்சுதே!" அவருக்கு அந்த ஒரு வாரம்தான் வேண்டியிருந்தது. நான் முதலில் மாட்டேன் என்றேனே என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

உன் ஆய்வைப் பற்றி இன்னும் எழுது. படிக்க நன்றாக இருக்கிறது. மாத்திரையை நிறுத்தினால் சண்டை எப்போது தொடங்கும்? மறுநாளேவா? எப்படித் தெரியும்? மேலுறை மறைந்தவர்களுக்கு எவ்வளவு நாள் பிடித்தது? வடு என்றால் எவ்வளவு வடு? கொஞ்சமாக இருந்தால்கூடச் சேர்க்கமாட்டீர்களா?

போன தடவை நான் எழுதியதில் ஒன்றுக்கு நீ பதில் எழுதவில்லை. பரவாயில்லை. அது கேள்வியே இல்லையே.

உன் தம்பி


மே 6

அன்புள்ள தம்பிக்கு,

தாமதத்துக்கு மன்னிக்க வேண்டும். உடம்பெல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. தேர்வுத்தாள் திருத்தும் காலம், அதோடு இங்கே ஆழ்குளிர்ப் பெட்டி ஒன்று நின்றுபோய், பல வருடத்து ரத்த மாதிரிகளை ஓட்ட ஓட்டமாக இடம் மாற்றினோம். நீ பக்கத்தில் இல்லையே என்று நினைத்துக்கொண்டேன்.

உன் கேள்விகள் என் மாணவர்களுடையதைவிடத் தெளிவாக இருக்கின்றன. வரிசையாகச் சொல்கிறேன். சண்டை மறுநாளே தொடங்காது. வாரங்கள் ஆகும், சிலருக்கு மாதங்கள். முதலில் ரத்தத்தில்தான் தெரியும். அசதி, சாப்பாட்டைக் கண்டால் குமட்டல், மூத்திரம் கறுத்துப் போவது, கண் மஞ்சளாவது எல்லாம் வந்தால் கைமீறிப் போகிறது என்று அர்த்தம். மேலுறை மறைந்தவர்களுக்கும் அதற்குமுன் இந்தக் கொந்தளிப்பு வந்துதான் போனது. வடு விஷயத்தில் கொஞ்சம், அதிகம் என்ற பேச்சில்லை. உனக்கு இருப்பதோ கொஞ்சநஞ்சமல்ல.

போன மாதம் ஒருவருக்கு மேலுறை மறைந்தது. பள்ளிக்கூட வாத்தியார், உன் வயதுதான் இருக்கும். செல் எண்ணும் மெஷின் முன்னால் உட்கார்ந்திருக்கும் எங்கள் டெக்னீஷியன் பையன், பெயரே வைத்துவிட்டான்: "மேடம், நம்ம தப்பிச்ச வாத்தியார் ரத்தம் வந்திருக்கு!" முடிவைப் பார்த்ததும் ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் கைதட்டினார்கள். நான் தட்டவில்லை. அவருடைய டி செல்கள் மற்றவர்களுடையதைப்போலத்தான் இருந்தன. ஏன் அவருக்கு மட்டும் என்பதைச் சொல்ல முடியாதபோது எதற்குக் கைதட்டுவது?

உன் ஈரல் மருத்துவரைக் கடைசியாக எப்போது பார்த்தாய்? அதைப்பற்றி நீ எழுதுவதே இல்லை.

அக்கா


ஜூன் 20

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் நலமாக இரு.

டாக்டரைப் பார்க்க நேரமில்லை. அவர் உட்காருகிற நாளும் அவள் டயாலிசிஸ் நாளும் ஒன்றாகவே வருகிறது. வெயில் கொளுத்துகிறது, எனக்கு வேலை கொட்டுகிறது. ஆனால் கொஞ்சம் அசதி. கேஸ் ஏற்றும்போது வருகிற எண்ணெய் நாற்றம் இத்தனை வருடம் பழகியது, இப்போது வாந்தி வருகிறது. சின்னவள் கேலி செய்கிறாள்: "அப்பாவுக்கு மசக்கை." அவள் அம்மாவும் சேர்ந்துகொண்டு, "பையனா பாத்துப் பெத்துக் குடுங்க" என்கிறாள். ரொம்ப நாள் கழித்து அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

ஒன்று கேட்கவேண்டும். அந்த வாத்தியாருக்குக் கண் மஞ்சளானதா? ஆகி, அதன்பிறகு சரியாயிற்றா? மஞ்சளானதற்குப் பிறகு எவ்வளவு காலம் தாக்குப்பிடித்தார்?

கை நடுங்குகிறது, அதனால் எழுத்து இப்படி. நல்லதற்காகத்தான் இருக்கும்.

தம்பி


ஜூலை 2

தம்பி,

மாத்திரை சாப்பிடுகிறாயா, இல்லையா?

வேறு எதுவும் எழுதாதே. அதை மட்டும் எழுது. நேற்றும் இன்றும் போன் செய்தேன். சின்னவள் எடுத்து, "அப்பா தூங்கறாரு அத்தை" என்கிறாள். பகலில் தூங்குகிற ஆள் இல்லை நீ. உன் கடிதம் வந்து மேசைமேல் கிடந்திருக்கிறது. நான் கருத்தரங்கிலிருந்து திரும்பி நேற்றுத்தான் படித்தேன்.

இந்தத் தாளைப் படித்து முடிப்பதற்குள் மாத்திரையை எடுத்துப் போடு. பிறகு ஆஸ்பத்திரிக்குப் போ. விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். பின்னாலேயே நானும் வருகிறேன்.

அக்கா


ஜூலை 5

அக்காவுக்கு,

டைரக்டாகக் கொடுத்துவிட்டேன்.

உன் மார்ச் கடிதம் வந்த அன்றே நிறுத்தினேன். யாருக்கும் தெரியாது. காலையில் அட்டையிலிருந்து ஒன்றைப் பிதுக்கி வாயில் போடுகிற மாதிரி போட்டு, வாஷ்பேசினில் துப்பிவிடுவேன். அவள் பார்த்துக்கொண்டிருப்பாள் இல்லையா, அதற்காக.

எனக்கு வடு இருக்கிறது, எனக்கு ஆகாது என்று நீ தெளிவாகத்தான் எழுதினாய். உன்மேல் குற்றமில்லை. இந்தப் பெட்டி நிரந்தரமாக ஓடவேண்டும் என்று நான் கேட்கவில்லை, அக்கா. வைரஸ் போகிற வரைக்கும் ஓடினால் போதும். போய்விட்டதென்றால் அவளுக்கு ஒன்றைக் கழற்றிக் கொடுத்துவிடலாம். அதன்பிறகு ஈரல் ஓடினால் ஓடட்டும்.

இன்னும் கொஞ்ச நாள்தான். நீ வந்து மாத்திரையைப் போடச் சொல்லாதே. வந்தால் ரத்தம் எடுத்துப் பார், போய்விட்டதா என்று.

சின்னவளிடம் எதுவும் சொல்லவேண்டாம்.

தம்பி


செப்டம்பர் 17

அண்ணி அவர்களுக்கு,

தையல்காரி எழுதுகிறேன். கடிதம் எழுதிப் பழக்கமில்லை, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் உடம்புக்கு எப்படி இருக்கிறீர்கள்? அவர் போனபின் நீங்கள் இரண்டு நாள் இருந்துவிட்டு ஊருக்குப் போனதோடு சரி, பேச்சில்லை. போன் செய்தால் "ம்" என்கிறீர்கள். அவர் சொன்னது சரிதான். அதனால் எழுதுகிறேன்.

நாங்கள் இருக்கிறோம். டயாலிசிஸுக்கு இப்போது என் அண்ணன் கூட்டிப்போகிறார். பெஞ்சில் உட்காராமல் வெளியே போய் நின்றுகொள்கிறார். சின்னவள் பள்ளிக்கூடம் போகிறாள். பட்டறையில் பாதியில் நின்ற பெட்டிகளையெல்லாம் சொந்தக்காரர்கள் வந்து தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

துக்கம் கேட்க வருகிறவர்கள் முதலில் அவர் போட்டோவைப் பார்க்கிறார்கள், அப்புறம் என்னைப் பார்க்கிறார்கள். "இவளுக்காகத்தானே ஈரலைக் கொளுத்திக்கிட்டான்" என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. நான் வேண்டாம் என்றிருப்பேன், அண்ணி. தெரிந்திருந்தால் அந்த மாத்திரையை அவர் மூக்கைப் பிடித்து ஊற்றியிருப்பேன்.

ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தப்பாக நினைத்தாலும் பரவாயில்லை. அவர் நினைவு தப்பிக் கிடந்த அன்று, ஈரலில் ஒரு துண்டு யாராவது கொடுத்தால் பார்க்கலாம் என்று டாக்டர் சொன்னார். டாக்டர் சொல்லி முடிக்கிறதுக்குள் நீங்கள் சட்டைக் கையை மடக்கிக் கையை நீட்டிவிட்டீர்கள். "எடுத்துக்குங்க, ஒரே ரத்தம்தான்" என்றீர்கள். மறுநாள் ரத்தத்தில் விஷம் ஏறிவிட்டது, இனி முடியாது என்று சொன்னபோது அந்த டாக்டரோடு சண்டை போட்டீர்கள். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

தம்பிக்கு என்றதும் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை நீங்கள். அதைக் குறையாகச் சொல்லவில்லை. நான் யார் உங்களுக்கு?

உங்களிடம் கிட்னி கேட்டுப் பாருங்கள் என்று அவரிடம் வருஷ ஆரம்பத்திலிருந்து சொன்னேன். நான் வெட்கம் கெட்டுச் சொன்னேன். அதற்கு அவர், "அக்காகிட்ட கேட்டா இல்லைன்னு சொல்லமாட்டா. அதனாலதான் கேக்க முடியாது" என்றார்.

இதை உங்களுக்குச் சொல்லவேண்டும் என்று தோன்றியது. வேறொன்றுமில்லை. முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தம்பி மனைவி


அக்டோபர் 14

அன்புள்ள தம்பி மனைவிக்கு,

உன் கடிதத்துக்குப் பதில் எழுத ஒரு மாதம் ஆகிவிட்டது. இப்போது உங்கள் ஊரிலிருந்துதான் எழுதுகிறேன். ஆஸ்பத்திரிக்கு எதிரே ஒரு விடுதி அறை. ஜன்னலைத் திறந்தால் ஆம்புலன்ஸ் நிற்கும் இடம் தெரிகிறது. உன் வீட்டுக்கு நேராக வராததற்குக் கோபித்துக்கொள்ளாதே. நேரில் எனக்கு வாய் வராது. எழுதி, நாளைக் காலை டயாலிசிஸ் அறையில் உன் கையில் கொடுக்கலாம் என்று வந்தேன். முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. மற்றபடி நலம். நீ நலமா என்று கேட்கத் தயக்கமாக இருக்கிறது.

அவன் கேட்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். கேட்டான். பிப்ரவரியில், ரத்த வகையைப் பற்றி ஒரு வரி எழுதினான். படித்தவுடன் எனக்குப் புரிந்துவிட்டது. அந்த வரியை விட்டுவிட்டு, மற்றதற்கெல்லாம் பக்கம் பக்கமாகப் பதில் எழுதினேன். அடுத்த கடிதத்தில் "பரவாயில்லை" என்றான். அதையும் தாண்டிப் போனேன். காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. பயம். தனியாக இருப்பவள், கத்தி பட்டுப் படுத்தால் யார் பார்ப்பார்கள் என்று நினைத்தேன். பட்டியலில் உனக்கு எப்படியும் ஒன்று கிடைத்துவிடும் என்று என்னை நம்பவைத்துக்கொண்டேன். புள்ளிவிவரம் தெரிந்தவள் அதை நம்பியிருக்கக் கூடாது.

சிறுநீரகம் தருகிறேன் என்று அவனுக்கு நான் எழுதியிருந்தால் அவன் இதைச் செய்திருப்பானா? தெரியாது என்று எழுதத்தான் கை போகிறது. இந்த ஒன்று தெரியும். செய்திருக்கமாட்டான்.

இன்னொன்றும் உனக்குச் சொல்லவேண்டும். கடைசிக்கு முந்தின நாள் நீ மெஷினில் இருந்தபோது அவனுக்குக் கொஞ்ச நேரம் நினைவு தெளிந்தது. கண்கள் மஞ்சள் கிழங்கு மாதிரி இருந்தன. என்னை அடையாளம் தெரிந்துகொண்டு, "போயிடுச்சா அக்கா?" என்றான். அன்று காலைதான் ரத்த முடிவு வந்திருந்தது. மேலுறை வெகுவாக இறங்கியிருந்தது, ஆனால் போகவில்லை. காகிதத்தில் இல்லாததை நான் யாரிடமும் சொன்னதில்லை. அவனிடம் "போயிடுச்சு" என்றேன்.

"அப்போ அந்தக் கண்ணாடி அம்மாவைக் கூப்பிடு. குடுத்துடலாம்" என்றான்.

நான் எழுந்து வெளியே போனேன், கூப்பிடப் போகிறவளைப் போல. வராந்தாவில் நின்றேன். திரும்பி வந்தபோது நினைவு போயிருந்தது. அதன்பிறகு அவன் பேசவில்லை.

அவனுடைய ரத்தத்தை நான் எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துப்போனேன். டாக்டர் அனுமதித்தார். டெக்னீஷியன் பையன், யாருடையது என்று தெரியாமல், "மேடம், இந்த ஆளுக்கு பிரேக்கே இல்லை போலிருக்கு" என்றான். டி செல்கள் மிகக் குறைவாக இருந்தன. அதனால்தான் இப்படியானதா, இப்படியானதால் குறைந்தனவா, சொல்வதற்கில்லை. அந்த எண்ணை ஆய்வில் சேர்க்கவில்லை.

நாளை நீ மெஷினில் இருக்கும் நேரத்தில் உறுப்பு கொடுப்பவர்களின் அறைக்குப் போகப்போகிறேன். உனக்குக் கொடுக்கலாமா என்று பார்க்கட்டும். உன்னிடம் கேட்காமல் போவது தவறுதான். வேண்டாம் என்று சொல்லும் உரிமை உனக்கு உண்டு. அதை இந்தக் கடிதத்தைப் படித்த பிறகு சொல்.

நீ யார் எனக்கு என்று கேட்டிருந்தாய். பதில் யோசித்தேன். எழுதியதையெல்லாம் அடித்துவிட்டேன்.

அக்டோபர் 15

காலையில் வந்தேன். நீ மெஷினில் தூங்கிக்கொண்டிருந்தாய். எழுப்ப மனமில்லை. நடந்ததைக் கீழே எழுதிச் சேர்க்கிறேன்.

கண்ணாடியை நெற்றியில் ஏற்றிய அம்மாவே இருந்தார். அவனை அவருக்கு நினைவிருந்தது. "பம்ப் சத்தம் சரியில்லைன்னு சொன்னாரே, அவரா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு, "நீங்க என்ன உறவு?" என்றார். நாத்தனார் என்றேன்.

வயது, எடை, ரத்த அழுத்தம் பார்த்தார். என் பழைய ரிப்போர்ட்டைப் புரட்டினார். "உங்களுக்கும் வந்திருக்கே இது! வந்து போயிருக்கு. போனது பரவாயில்லை, டாக்டர் பார்த்துச் சொல்வார்" என்றார். பிறகு, சும்மா பேச்சுக்குத்தான், "எப்படிங்க போச்சு உங்களுக்கு?" என்று கேட்டார்.

"தெரியாது" என்றேன்.

"இதுலதான் வேலைன்னு போட்டிருக்கீங்க?"

"ஆமாம்."

அவர் ஒரு சீட்டை எழுதி நீட்டினார். ரத்தம் எடுக்க அனுப்பினார். இடக்கையில் நரம்பு அகப்படவில்லை, வலக்கையில் எடுத்தார்கள். அதனால்தான் எழுத்து கோணலாக இருக்கிறது. பொருந்துமா என்பது தெரிய நாளாகும், பொருந்தினாலும் என் வயதுக்கு வேண்டாம் என்று சொல்லக்கூடும் என்றார்கள்.

பஞ்சை அழுத்திக்கொண்டு அவன் உட்காரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பம்ப் இரைந்துகொண்டுதான் இருக்கிறது. நர்ஸ் கதவைத் திறந்து, வேண்டுமானால் உள்ளே வந்து உட்காரச் சொன்னாள். இப்போது உன் கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கிறேன்.

நீ கண் திறந்தாய். என்னைப் பார்த்தாய். என் கையிலிருந்த பஞ்சைப் பார்த்தாய். மறுபடி கண்ணை மூடிக்கொண்டாய்.